பச்சை மட்டை

கிழக்கு வெளுக்கும் முன்பே ஜெனவீவ் சந்தைச் சாக்கடைக் கானுக்குள் இறங்கியிருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் மண்வெட்டி. பாரிட் தெராத்தைச் சந்தையில் முந்தின நாள் சேர்ந்த கழிவெல்லாம் அங்கேதான் வந்து அடைத்திருந்தது: மீன் செதில், கோழி இறகு, அழுகிய கங்கோங் கீரைத் தண்டு, உடைந்த ஐஸ் பெட்டித் துண்டுகள். வாரி வாரிக் கரையில் போட்டாள். மண்வெட்டி சிமெண்டில் உரசும்போதெல்லாம் பல் கூசியது. நாற்றம் அவளுக்குப் பழகிப்போய் வருஷக்கணக்காகிறது. தோள்பட்டைதான் இன்னும் பழக மறுத்தது.

கானில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் விளக்குமாறைக் கையில் எடுத்தாள். கடை வரிசை, பஸ் நிற்கும் இடம், கடைசியாக மாவட்ட மன்றத்தின் அலுவலக வாசல். ஊர் கண்விழிக்கும்போது தெரு பளிச்சென்று இருக்கும். யார் கூட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சுத்தமாக இருக்கும் தெருவைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

வேலை முடிந்ததும் குப்பை லோரியின் முன் இருக்கையில் தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். லோரி தாமான் குடியிருப்பு வீடுகளைச் சுற்றி, மலாய்க் கம்பத்துக் கிராமத்தைச் சுற்றி, வாசலில் வைத்த ஒவ்வொரு தொட்டியையும் கவிழ்த்துக்கொண்டு, புக்கிட் ரோத்தான் பக்கமாக உள்ளே திரும்பும். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் இரும்பு வாசல் வந்ததும் நின்றுவிடும். ஜெனவீவ் இறங்குவாள். லோரி அங்கேயே பின்வாங்கித் திரும்பிப் போகும். வாசலுக்கு இந்தப் பக்கம் மன்றம், அந்தப் பக்கம் கம்பெனி. அந்தப் பக்கத்தில் மூன்றாம் டிவிஷன் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் அவள் வீடு.

ஊர்க் குப்பையெல்லாம் அள்ளும் லோரி அவள் வீட்டுக் குப்பையை மட்டும் அள்ளாது. தோட்டம் தனியார் நிலமாம். லயத்துச் சனங்கள் குப்பையைச் சாலையோரம் குவித்துக் கொளுத்துவார்கள். மழைக்காலத்தில் அதுவும் எரியாது. ஈ மொய்க்கும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தெருவிளக்கு கிடையாது. சாலையில் குழிகளைத் தவிர்த்து நடப்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும். வாக்குச் சாவடியில் இவர்கள் குடிமக்கள். குப்பைத் தொட்டி என்று வரும்போது மட்டும் கம்பெனியின் சரக்கு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஜெனவீவ் சும்மா இருக்கவில்லை. மன்றத்தின் கவுன்சிலராகக் குகன் நியமிக்கப்பட்டதிலிருந்து, அலுவலக வாசலைக் கூட்டும்போதெல்லாம் அவனைப் பிடித்துக்கொள்வாள். அவனும் உலு யாம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர்.

“தனியார் நெலம்னாலும் வழி இருக்குக்கா,” என்று ஒருநாள் அவனே சொன்னான். “மன்றம் தீர்மானம் போட்டு, கம்பெனியோட ஒப்பந்தம் பண்ணிட்டா லோரி உள்ள வரலாம். வெளக்கு போடலாம். ஆனா அதிகாரிங்க மொதல்ல வந்து பாக்கணும். நெலம மோசம்னு அவங்க எழுதணும்.”

“பாத்தா எழுதாம இருக்க முடியாதுலா தம்பி. கூட்டிட்டு வா.”

வரும் நாள் முடிவானது. அங்கேதான் ஜெனவீவுக்குப் புத்தி தடுமாறியது.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைக்காரத் துரை காலத்தில் தொடங்கியது. துரை லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே எல்லோரும் இறங்கிவிடுவார்கள். புல் வெட்டுவார்கள், கான் வாருவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், வாசலில் தோரணம் கட்டுவார்கள். லயம் அழுக்காக இருந்தால் அந்த நாளில் சனங்களுக்குத்தான் அபராதம். துரைகள் கப்பலேறிப் போனார்கள். அந்தப் பயம் மட்டும் இங்கேயே தங்கி, மரியாதை என்று பெயர் மாற்றிக்கொண்டது. மந்திரி வந்தாலும் சரி, அதிகாரி வந்தாலும் சரி, கை தானாக விளக்குமாறைத் தேடும்.

ஜெனவீவுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. வரப்போகிறவர்கள் அவள் தினமும் காலையில் பார்க்கும் அதிகாரிகள். ஊரைக் கூட்டுகிறவள் வீட்டு முன்னால் இப்படியா என்று அவர்கள் மனதில் நினைத்துவிட்டால்? நினைக்கும்போதே அவளுக்கு முகம் சுட்டது.

“குப்ப மேட்ட அப்படியே விட்டா மானம் போயிடும்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம். “கொஞ்சம் ஒதுக்கிடுவோம். கேக்கறத வாயால கேப்போம்.”

யாரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் அதே வெட்கம்தான்.

லயத்துக்குப் பின்னால், செம்பனைக் காட்டின் ஓரத்தில், கம்பெனியின் மண்வாரி எந்திரம் அந்த வாரம்தான் புதிதாக ஒரு வடிகால் வெட்டிவிட்டுப் போயிருந்தது. ஆளுயர ஆழம். ஜெனவீவின் கணவன் ஆன்ட்ரூ தோட்டத்து டிராக்டர் ஓட்டுபவன். குப்பை மேடு முழுவதையும் டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அந்தக் கானில் தள்ளினான். உடைந்த பாட்டில், துருப்பிடித்த தகரம், பால் டின், குழந்தைகளின் அழுக்குத் துணி எல்லாம் உள்ளே போயின.

“மேல தெரியுதே,” என்றான் ஆன்ட்ரூ.

“மட்டைய வெட்டி அடுக்குங்க,” என்றாள் ஜெனவீவ். “காட்டுல அடுக்கற மாதிரி அடுக்கிட்டா யாருக்கும் தெரியாது.”

செம்பனைக் காட்டில் குலை வெட்டும்போது விழுகிற மட்டைகளை மரங்களுக்கு நடுவே வரிசையாக அடுக்குவது நித்திய வேலை. அந்த வரிசையின் மேல் ஏறி நடப்பதும் நித்திய வழக்கம். ஆகவே கானின் மேல் அடுக்கிய மட்டையைப் பார்த்தவர்களுக்கு அது இன்னொரு மட்டை வரிசைதான். அவ்வளவு கச்சிதமாக அடுக்கினார்கள்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். பின் லயத்தில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் ஓர் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் வெளியே துணி காயப்போட்டிருப்பது பார்க்க நன்றாக இல்லை என்று யாரோ சொல்ல, ஜெனவீவ்தான் போய், அதிகாரிகள் வந்துபோகும் வரை காட்டுப் பக்கம் இருக்கச் சொன்னாள். அவர்களில் மூத்தவன் ரூபெல். வந்து பல வருஷமாகித் தமிழ் ஓரளவு பேசுவான். “சரி அக்கா,” என்று சிரித்தபடி கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனான்.

அதிகாரிகள் வந்தார்கள். கூட்டிய வாசலையும், மணல் கொட்டி நிரப்பிய சாலையையும், மாவிலைத் தோரணத்தையும் பார்த்தார்கள். கேசரியும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள் லயத்துப் பெண்கள். மேனேஜர் செல்வா பக்கத்திலேயே நின்றார். ஜெனவீவ் கேட்க வேண்டியதை வாயால் கேட்டாள்தான். ஆனால் கேட்டபோது அவளுக்கே தன் சொல் நம்பும்படியாக இல்லை. இவ்வளவு சுத்தமான இடத்துக்கு லோரி எதற்கு? குகன் மட்டும் சற்று நேரம் காட்டு ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் காரில் ஏறினான்.

நிலைமை திருப்தி. அப்படித்தான் எழுதினார்கள்.

அன்று மாலை அதே லயத்துத் துளசி ஊரிலிருந்து திரும்பினாள். உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை அவளுக்கு. மகளுக்குப் பிரசவம் என்று சுங்கை பெசார் போய் அந்த வாரம் முழுக்க அங்கேயே இருந்தாள். புதுக் கான் வெட்டியது அவளுக்குத் தெரியாது. ஜெனவீவ் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேரப்பிள்ளையின் மூக்கைப் பற்றியும் முடியைப் பற்றியும் பேசிப் பேசிச் சிரித்தாள்.

“என்னா ஜெனா, லயம் மினுமினுன்னு இருக்கு? கல்யாணமா?”

“மன்றத்து ஆளுங்க வந்தாங்கக்கா.”

கானைப் பற்றிச் சொல்ல ஜெனவீவ் வாயெடுத்தாள். குப்பையை ஒளித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்று தயங்கினாள். துளசிக்கு நாக்கு நீளம், கேலி பண்ணியே கொன்றுவிடுவாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் அவள் சந்தைக் கானுக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

இரவெல்லாம் மழை. சாலையில் நிரப்பிய மணல் கரைந்து ஓடி, குழிகள் பழையபடி வாயைப் பிளந்தன. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகக் கிளம்பிய துளசி, தண்ணீர் தேங்கிய பாதையை விட்டு, தள்ளுவண்டியோடு காட்டு ஓரமாக ஏறினாள். மட்டை வரிசை தெரிந்தது. வழக்கப்படி அதன் மேல் காலை வைத்தாள்.

அலறல் கேட்டு முதலில் ஓடிவந்தவன் ரூபெல். கழுத்து வரை குப்பைத் தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கினான். பாதத்தைத் தகரம் பிளந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. சாலையைப் பார்த்துவிட்டுத் தோட்ட வாசலிலேயே நின்றது. பழம் தள்ளும் வண்டியில் சாக்கு விரித்து, துளசியைக் கிடத்தி, “பெலான், பெலான், மெல்ல” என்று தன் ஆட்களை அதட்டிக்கொண்டே ரூபெல் வாசல் வரை தள்ளிக்கொண்டு போனான். குப்பை லோரியிலிருந்து இறங்கிய ஜெனவீவ் எதிரில் கண்டது அந்த வண்டியைத்தான்.

துளசிக்கு இனிப்பு நீர் வியாதி உண்டு. புண் ஆறவில்லை. பாதத்தைக் காப்பாற்ற விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஜெனவீவ் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கஞ்சி கொண்டுபோனாள், தலை வாரிவிட்டாள், கட்டிலுக்கு அடியில் இருந்த பாத்திரத்தைக் கழுவினாள். “கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா ஜெனா,” என்று துளசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொல் ஜெனவீவைச் சுட்டது. திட்டினால் தாங்கியிருப்பாள். இந்த நன்றியைத் தாங்க முடியவில்லை. வேலையில் சந்தைக் கானில் இறங்கும்போதெல்லாம் கால் கூசியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவர் ஜெபம் சொல்லி அனுப்பினார். கனம் குறையவில்லை. கால் போனது பாதிரியாருக்கா?

துளசி வீடு திரும்பிய மறுநாள் மேனேஜர் செல்வா லயத்துக்கு வந்தார். நல்ல மனிதர்தான், பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புவார். துளசி வீட்டு வாசலில் நின்றபடியே பேசினார்.

“இனிமே காட்டு வேல உன்னால முடியாது துளசி. இது வேல செய்யறவங்களுக்கு உள்ள வீடு. அடுத்த மாசத்துக்குள்ள காலி பண்ணிடு. மக வீடு இருக்குல்ல?”

“பெரட்டுக்குப் போற வழியில அடிபட்டேன் ஐயா,” என்றாள் துளசி. “சொக்சோ காப்புறுதிக்கு எழுதிப் போடுங்க.”

“அது வழி இல்லயே. ரோட்ட விட்டு நீதான் காட்டுல ஏறுன.”

கூடி நின்றவர்களில் ஆன்ட்ரூ முன்னால் வந்தான். “ரோடு எங்க ஐயா இருக்கு? குழிதான் இருக்கு. லயத்த ஒழுங்கா வச்சிருந்தா அந்தப் பொம்பள ஏன் காட்டுல ஏறுது?”

“ஒழுங்கா இல்லயா?” செல்வா சிரித்தார். “உங்க மன்றமே வந்து பாத்துட்டு, எல்லாம் திருப்தின்னு எழுதிட்டுப் போயிருக்கு. கேசரி குடுத்து அனுப்பினது நீங்கதான? அப்ப இல்லாத குப்ப இப்ப எங்கேருந்து வந்துச்சு? கம்பெனி கான்ல குப்ப கொட்டுனதுக்கு நான்தான் நடவடிக்க எடுக்கணும். போனாப் போவுதுன்னு விடறேன்.”

ஜெனவீவ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கூட்டிய வாசல், அவள் அடுக்கிய மட்டை, எல்லாவற்றையும் அந்த மனிதர் பொறுக்கியெடுத்துத் துளசியின் தலைமேல் வைத்துவிட்டுப் போகிறார். தான் செய்தது துளசியின் காலோடு நிற்கவில்லை, அவள் கூரை வரை போகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கூட்டம் கலைந்ததும் துளசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, மட்டைய அடுக்கச் சொன்னது நான்தான்.”

துளசி கட்டுப்போட்ட காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். “எல்லாரும் சேந்து செஞ்சதுன்னாங்க.”

“செஞ்சது எல்லாரும். சொன்னது நானு. நீங்க வந்த அன்னைக்கிச் சாயங்காலம், எங்க வாசல்லதான் பேசிட்டிருந்தோம். கான் இருக்குன்னு சொல்லியிருக்கலாம். வெக்கப்பட்டுக்கிட்டு வுட்டுட்டேன்.”

துளசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போ ஜெனா. இப்ப ஒம்மூஞ்சியப் பாக்க முடியல.”

ஜெனவீவ் எழுந்து போனாள். அழுவதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். கஞ்சியைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினாள், பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் அப்படித்தான்.

அதற்கடுத்த நாள் துளசியே ஊன்றுகோலோடு வந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“நல்லா யோசிச்சேன். ஊர்ல இருந்திருந்தா மொத மட்டைய நான்தான் வெட்டியிருப்பேன். அது எனக்குத் தெரியும். அதுக்காக ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. காலு ராத்திரியில வலிக்கறப்ப ஒன் பேரத்தான் திட்டறேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “மூடுன கையாலயே தொறந்து வுடு. எங்கிட்ட வந்து சொன்னல்ல? அத அவனுங்ககிட்ட போயிச் சொல்லு.”

மறுநாள் காலை மன்றத்து வாசலைக் கூட்டி முடித்த ஜெனவீவ், அழுக்குச் சட்டையோடும் பூட்ஸோடும் உள்ளே நுழைந்தாள். கூட்டுவதைத் தவிர வேறு காரியத்துக்கு அந்தப் படியை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை. குகன் தன் அறையில் இருந்தான். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். “எனக்குத் தெரியும்க்கா,” என்றான்.

“என்னா தெரியும்?”

“மட்ட பச்சையா இருந்துச்சு. காட்டுல மத்த வரிசையெல்லாம் காஞ்சு பழுப்பா இருந்துச்சு. அந்த ஒண்ணு மட்டும் அன்னைக்கி வெட்டுன பச்ச. எங்கப்பா அடுக்குன மட்டையில வெளையாண்டு வளந்தவன் நானு. பாத்ததுமே தெரிஞ்சிச்சு.”

“தெரிஞ்சுமா கார்ல ஏறுன?”

“தூக்கிப் பாத்தா ஒங்களுக்கு அவமானம்னு நெனச்சேன்.” நிறுத்தினான். “இல்ல. அது பொய். தூக்கிப் பாத்தா மேனேஜரோட மல்லுக்கட்டணும். மன்றத்துல பேசணும். தனியார் நெலத்துல ஏன் தலையிடறன்னு கேப்பாங்க. திருப்தின்னு எழுதிட்டா எல்லாருக்கும் நிம்மதி. அதான்.”

ஜெனவீவுக்குக் கோபம் பொங்கியது. அவனை அறையலாம் போலிருந்தது. அதே நேரத்தில், அவன் முகத்தில் இருந்தது தன் முகம்தான் என்றும் தெரிந்தது. இருவரும் ஒரே மட்டையின் இரண்டு முனையைப் பிடித்து அந்தக் கானை மூடியிருக்கிறார்கள்.

“தம்பி, நாங்க வெக்கப்பட்டு மறைச்சோம். அழுக்குல இருக்கறது எங்க தப்புன்னு தலமொற தலமொறயா நெனக்க வச்சிட்டாங்க. நீங்க நாற்காலியில ஒக்காந்திருக்கீங்க. ஒங்களுக்கு என்னா வெக்கம்? தேதி சொல்லிட்டு வந்தா எங்களால கூட்டாம இருக்க முடியாது. மேனேஜர பக்கத்துல வச்சிக்கிட்டுக் கேட்டா எங்களால பேச முடியாது. பகல்ல வந்தா காட்டுல வேல செய்யறவங்க யாரும் லயத்துல இருக்க மாட்டாங்க. அப்பறம் எதப் பாக்க வர்றீங்க? இன்னொரு தடவ வாங்க. பின் லயத்துல இருக்கற பங்களாதேஷ் ஆளுங்களையும் கேளுங்க. அவங்களும் இதே குப்ப நாத்தத்துலதான் கெடக்கறாங்க.”

குகன் எழுந்தான். “அடுத்த முழுமன்றக் கூட்டத்துல நான் இத வைக்கறேன். திருப்தின்னு சொன்ன ஆள்ல நானும் ஒருத்தன்னு சொல்லித்தான் வைக்கறேன். ஜெயிக்குமான்னு தெரியல. ஆனா அதுக்கு முன்னாடி மன்றத் தலைவரையும் சுகாதார அதிகாரியையும் கூட்டிட்டு வர்றேன். பெரட்டுக்கு முன்னாடி. ஒரு சங்கடம் இருக்கு. கம்பெனி நெலத்துக்குள்ள நொழைய மேனேஜருக்குத் தகவல் குடுத்தாகணும்.”

தகவல் போனது. செல்வா சும்மா இருப்பாரா?

அந்த நாள் விடிவதற்கு முன் லயத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முந்தின நாள் மாலை மாரியம்மன் கோயில் கொட்டகையில் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். யாரும் கூட்டக்கூடாது, யாரும் தோரணம் கட்டக்கூடாது, தேத்தண்ணி போடக்கூடாது. சொல்வது சுலபம். சிலருக்கு அதிகாரி வருகிறார் என்றதும் உடம்பே பதறியது. ஒரு பெண் விளக்குமாறை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். இருவரும் சிரித்துக்கொண்டார்கள், கண்ணில் நீரோடு.

ஜெனவீவ் வேலைக்குப் போகவில்லை. ‘வராவிட்டால் இனி வரவே வேண்டாம்’ என்று, மன்றத்துத் துப்புரவு வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரன் ஃபோனில் கத்தினான். அவளோடு சந்தையில் கூட்டும் பெண்கள் அவளுடைய பகுதியைத் தாங்கள் கூட்டிவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி அவளுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

கானின் மேல் கிடந்த மட்டைகளை அவளே இழுத்துப் போட்டாள். பச்சை போய்க் கருத்திருந்தன. ரூபெலும் அவன் ஆட்களும் கை கொடுத்தார்கள். நாற்றம் குப்பென்று ஏறி லயத்தைச் சூழ்ந்தது. கானின் கரையில் ஒரு நாற்காலி போட்டுத் துளசியை உட்காரவைத்தார்கள். வெட்டுக்காரர்கள் அரிவாள் கட்டிய நீண்ட கம்புகளைத் தோளில் சாய்த்தபடி அவளுக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் பெரட்டுக்குப் போகவில்லை.

டிராக்டர் சத்தம் கேட்டது. பெட்டி நிறைய செம்மண். ஓட்டி வந்தவன் ஆன்ட்ரூ. முன்னால் ஜீப்பில் செல்வா.

“எல்லாரும் ஒதுங்குங்க. கான மூடணும். கொசு வருது.”

“இத்தன நாளா வராத கொசு இன்னைக்கா ஐயா வந்துச்சு?” என்றாள் துளசி.

“ஆன்ட்ரூ, கொட்டு!”

ஆன்ட்ரூ டிராக்டரைப் பின்னால் விட்டான். கானின் விளிம்புக்குச் சக்கரம் வந்தது. ஜெனவீவ் கணவனைப் பார்த்தாள். வீடு அவன் பெயரில்தான் இருக்கிறது. அவன் வேலை போனால் துளசியோடு அவர்களும் வெளியே. இதைப் பற்றி இருவரும் வீட்டில் பேசவில்லை. பேசப் பயமாக இருந்தது.

ஆன்ட்ரூ இன்ஜினை அணைத்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஒரு தடவ மூடுனேன் ஐயா. அதுல ஒரு பொம்பள காலு போச்சு. இன்னொரு தடவ என் கையால மூட மாட்டேன்.”

“வேல வேணாமா உனக்கு?”

“வேணும். வீடும் வேணும். அதோட இதுவும் வேணும்.”

செல்வா ரூபெல் பக்கம் திரும்பினார். “நீ ஏறி ஓட்டு. பெர்மிட் ஞாபகம் இருக்கட்டும்.”

ரூபெல் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களில் யாரும் அசையவில்லை. ஜெனவீவ் அவன் பக்கத்தில் போய் நின்றாள். காட்டுப் பக்கம் போயிரு என்று இதே வாயால் சொன்னவள்.

“பெர்மிட்ட வச்சி அவன மெரட்டாதீங்க ஐயா,” என்றாள். “அவனும் இந்த லயத்து ஆளு.”

“நான் ஓட்டத் தெரியாது ஐயா,” என்றான் ரூபெல். பொய்தான். நன்றாகவே ஓட்டுவான். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசையில் பரவியது.

செல்வா ஃபோனை எடுத்தார். யாரிடமோ வேகமாகப் பேசினார். போலீஸ் என்ற சொல் காதில் விழுந்தது. வரிசை கொஞ்சம் நெருங்கியது. ஒருவர் தோள் இன்னொருவர் தோளில் இடித்தது.

தூரத்தில், தோட்ட வாசலில், மன்றத்து வெள்ளை வண்டி தலை காட்டியது. முதல் குழியில் இறங்கி ஏறியது, இரண்டாவதில் குலுங்கி நின்றது. கதவு திறந்தது. குகனும் அதிகாரிகளும் இறங்கி, கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடந்து வரத் தொடங்கினார்கள். அவர்கள் என்ன எழுதுவார்கள், மன்றம் என்ன முடிவெடுக்கும், கம்பெனி ஒப்புக்கொள்ளுமா, எதுவும் யாருக்கும் தெரியாது. துளசியின் வீடு இன்னும் பறிபோகும் வீடுதான்.

காற்றடித்தது. கானிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை எழும்பி, உருண்டு வந்து, அவர்கள் வரும் பாதையின் நடுவில் விழுந்தது. ஜெனவீவின் உடம்பு தன்னால் குனிந்தது. கை நீண்டது.

“ஜெனா, எடுக்காத,” என்றாள் துளசி. உண்மை தெரிந்த நாள் முதல் இவ்வளவு மென்மையாக அவள் பேசியதில்லை. “கெடக்கட்டும். அவங்க பாக்கட்டும்.”

ஜெனவீவ் நிமிர்ந்தாள். வெறுங்கையோடு நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. அந்தக் கையைத் துளசியின் நாற்காலி முதுகில் வைத்தாள். துளசி தள்ளிவிடவில்லை.